மாதக் குளிசையும் மாதச் சம்பளமும்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் என்று மாதாமாதம் குளிசை எடுப்பவர் யாராவது இருந்தால் பொறுமையாக வாசியுங்கள். கடையோ, தோட்டமோ, பாடசாலையோ, நாலு பேர் வேலை செய்யும் இடத்தில் பொறுப்பாக இருப்பவர் என்றால் கட்டாயம் வாசியுங்கள்.

மருந்து வாங்க முடியாத வீடு எது என்று ஆசிரியருக்கு இடாப்பிலேயே தெரிந்துவிடும். எங்கள் வகுப்பில் ஒரு மாணவி மூன்று வாரமாக வரவில்லை. விசாரித்தால், கொழுந்தெடுக்கிற அவளுடைய அம்மாவுக்குப் பாரிசவாதம். ஒரு பக்கம் இழுத்துவிட்டது. வீட்டுக்குப் போனபோது அப்பா சொன்னார்: "கிளினிக்ல ரெண்டு குளிசை இல்லன்னு வெளிய வாங்கச் சொல்லி துண்டு குடுத்தாங்க சேர். சம்பளம் போட்டதும் வாங்குவோம்னு இருந்தோம். இருந்தத அது பாதி பாதியா உடைச்சி சாப்பிட்டுச்சி." இப்போது அந்தப் பிள்ளை வாரத்தில் மூன்று நாள் வருகிறாள். மற்ற நாட்களில் அம்மாவைப் பார்க்க ஆள் இல்லை.

நம் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் கிளினிக்கில் ஒரு மருந்து இல்லாமல் போகிற மாதத்தில் முழுப் பாரமும் நோயாளியின் மடியில் விழுகிறது. 2022 நெருக்கடி நேரம் மார்ச்சில் மருந்து விலை 29 வீதம் ஏறியது. ஏப்ரல் கடைசியில் 60 மருந்துகளுக்கு இன்னும் 40 வீதம். 2023 ஜூனில் 60 மருந்துகளுக்கு 16 வீதம் குறைத்தார்கள். ஏறின அளவுக்கு இறங்கவில்லை. பாமசிக்குப் போகிற எல்லோருக்கும் இது தெரியும்.

இந்தப் பாரத்தைத் தாங்க யாருக்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள். எங்களைப் போன்ற அரச ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. விரும்பினால் கூடப் பணம் கட்டி வெள்ளி, தங்கம் என்ற திட்டங்களுக்கும் மாறலாம். ஆனாலும் அதன் பெரும்பங்கு ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்குத்தான். வங்கிகளிலும் பெரிய கம்பனிகளிலும் பல இடங்களில் வெளிநோயாளர் மருந்துப் பில்லைக் கொடுத்தால் வருடத்துக்கு ஒரு தொகை வரை திருப்பித் தருகிறார்கள். அப்படித் தரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஊழியர் நிலைத்து வேலை செய்யவேண்டும் என்பதற்காக நிறுவனங்கள் தாங்களாகவே செய்வது அது.

தோட்டத் தொழிலாளிக்கு ஈ.பி.எப்., ஈ.டி.எப். இருக்கிறது. ஈ.டி.எப்.இல் இருதய சத்திரசிகிச்சைக்கும் கண்வில்லைக்கும் உதவி கிடைக்கும். மாதக் குளிசைக்குக் கிடைக்காது. டவுணில் எங்கட கடைகளில் நிற்கிற பையன்கள் பலருக்கு அதுவும் இல்லை. அதாவது, யாருக்கு மருந்துச் செலவு தாங்க முடியாததோ அவருக்குத்தான் ஒரு ஏற்பாடும் இல்லை.

இதற்குப் பெரிய பணம் வேண்டும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை என்பதற்கு நம்மைப் போலவே ஒரு மலைநாட்டுத் தொழிலாளர் கதை இருக்கிறது. பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் டிரெடேகர் என்று ஒரு ஊர். நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு வேலையும்தான் பிழைப்பு. அங்குள்ள தொழிலாளர் 1890இல் ஒரு மருத்துவ உதவிச் சங்கம் தொடங்கினார்கள். சம்பளத்தில் ஒவ்வொரு பவுணுக்கும் 3 பென்ஸ் பிடித்தம். அந்தக் காலத்தில் ஒரு பவுண் 240 பென்ஸ். அப்படியென்றால் நூற்றுக்கு ஒன்றேகால். அதில் டொக்டர், மருந்து, மூக்குக்கண்ணாடி எல்லாம் குடும்பத்துக்கே கிடைத்தன. அந்த ஊரில் பிறந்து, சுரங்கத்தில் வேலை செய்த அனைரின் பெவன்தான் பின்னாளில் சுகாதார அமைச்சராகி, 1948இல் பிரித்தானியா முழுவதுக்கும் இலவச மருத்துவ சேவையைக் கொண்டுவந்தார். டிரெடேகரில் செய்ததைத்தான் நாட்டுக்கே செய்வதாக அவர் சொன்னார்.

அந்த ஒன்றேகால் வீதத்தை நம் கணக்கில் போட்டுப் பார்த்தேன். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது 17 ரூபாவுக்கும் குறைவு. ஒரு பிளேன்டீக் காசு கூட வராது.

எங்கள் பாடசாலை ஊழியர் நலன்புரிச் சங்கத்தில் போன வருடம் சிறிதாக ஒன்று தொடங்கினோம். விருப்பமுள்ளவர் மட்டும் மாதம் 300 ரூபா. காவலாளியும் சுத்திகரிப்பு வேலை செய்யும் அக்காவும் 100 ரூபா, பயன் எல்லோருக்கும் ஒன்றுதான். மாதக் குளிசை எடுப்பவர்களின் மருந்துத் துண்டுகளைச் சேர்த்து, கண்டிக்குப் போகிற ஒரு ஆசிரியர் அங்குள்ள அரச ஒசுசலவில் வாங்கி வருவார். பில் அவரவர் பெயரில். அதில் ஒரு பங்கை நிதி கட்டும், மிச்சம் அவரவர். இன்சுலின் மட்டும் இப்படி வாங்குவதில்லை. குளிரில் வைக்கவேண்டிய மருந்தை பஸ்ஸில் கொண்டுவர முடியாது.

நடத்திப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. நிதி கட்டிய பங்கை விட, மருந்தைப் பெயர் தெரிந்து கேட்டதில்தான் கூடக் காசு மிஞ்சியது. ஒரே மருந்து பல கம்பனிப் பெயர்களில் வருகிறது. லொசார்ட்டன் என்பது மருந்தின் பெயர். பெட்டியில் பெரிதாக இருப்பது கம்பனி வைத்த பெயர். இரண்டு பெட்டிகளின் விலை மலைக்கும் மடுவுக்கும். ஒரு ஆசிரியையின் மாதச் செலவு இப்படி மாற்றியதிலேயே கிட்டத்தட்டப் பாதியானது. அவர் தன் டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் மாற்றினார். நீங்களும் அப்படியே செய்யுங்கள், தானாக மாற்றவேண்டாம்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. பேராசிரியர் சேனக பிபிலே இதைத்தான் இந்த நாட்டுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானபோது அதன் முதல் தலைவர் அவர். தேவையான மருந்துகளைப் பட்டியலிட்டு, கம்பனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் பெயரில், மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும் என்று காட்டினார். 2015ஆம் ஆண்டின் மருந்துகள் ஒழுங்குபடுத்தல் சட்டமும் டொக்டர் துண்டில் மருந்தின் பெயரை எழுதவேண்டும் என்கிறது. ஆகவே பாமசியில் "இதே மருந்து விலை குறைவா வேறென்ன இருக்கு?" என்று கேட்பது வெட்கப்படுகிற விஷயமில்லை. அது நம் உரிமை.

இந்த மாதிரி ஏற்பாட்டில் ஒரு பலவீனமும் உண்டு, மறைக்கக்கூடாது. விருப்பத்தில் நடப்பது விருப்பம் குறைந்தால் நின்றுவிடும். முன்னால் நிற்கிறவருக்கு இடமாற்றம் வந்தால் கொப்பியும் மூடிவிடும். அதனால்தான் மரண உதவிச் சங்கம் போல நடத்தவேண்டும் என்கிறேன். நம் தோட்டங்களில் அந்தச் சங்கங்கள் எத்தனை காலமாக நிற்கின்றன! கணக்குக் கொப்பி, தலைவர், பொருளாளர், மாதக் கூட்டம் எல்லாம் இருப்பதால் நிற்கின்றன. செத்த பிறகு பெட்டிக்கும் பந்தலுக்கும் சந்தா கட்டத் தெரிந்த நமக்கு, உயிரோடு இருக்கும்போது குளிசைக்குச் சந்தா கட்ட முடியாதா?

இன்னொன்று, இது தர்மம் இல்லை. ஸதகாவும் ஸகாத்தும் அவற்றுக்குரிய இடத்தில் இருக்கட்டும். பள்ளிவாசலில் கை நீட்ட வெட்கப்பட்டு மருந்தை நிறுத்திவிட்ட பெரியவர்களை நான் அறிவேன். 100 ரூபா கட்டியவர் கேட்பது தன் பங்கை. தலை நிமிர்ந்து கேட்கலாம்.

ஆகவே மூன்று தரப்பினரிடம் ஒரு வேண்டுகோள்.

டவுண் முதலாளிமாரே, உங்கள் கடையில் பத்து வருடம் நின்ற ஆளின் பிரஷர் குளிசைக்கு மாதம் ஒரு பங்கு போடுங்கள். திடீரென்று அவர் படுத்துவிட்டால் வருகிற நட்டத்தை விட அது குறைவு.

தொழிற்சங்கத் தம்பிமாரே, சம்பளத்துண்டில் சங்கச் சந்தாவும் கோயில் சந்தாவும் பிடிக்க வழி இருக்கிறது. தொழிலாளி சம்மதித்தால் மருந்துச் சந்தாவுக்கும் ஒரு வரி சேர்க்க நிர்வாகத்திடம் கேளுங்கள். கம்பனியையும் அதே அளவு போடச் சொல்லுங்கள்.

ஆசிரியர் நண்பர்களே, உங்கள் பாடசாலையில் தொடங்க ஐந்து பேரும் ஒரு கொப்பியும் போதும். எங்கள் கணக்குக் கொப்பியைப் பார்க்க விரும்புபவர் எந்த வெள்ளிக்கிழமையும் பாடசாலை விட்ட பிறகு வரலாம். ஜும்மா முடிந்து வந்துவிடுவேன்.

நோயோடு இருக்கிற எல்லோருக்கும் இறைவன் ஷிபாவைத் தரட்டும்.