தாத்தா கேட்ட கேள்வி

சினிமா, பாட்டு, லீவு நாள். இந்த மூன்றைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே சண்டைதான் வருகிறது. ஒரு பயிற்சி முகாமில் சாப்பாட்டு நேரத்தில் என் கருத்தைச் சொன்னேன். இரண்டு தம்பிகள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டார்கள். இது அரசியல் சட்டம் 17ஆவது பிரிவில் வருமா என்று வக்கீல் தோழரிடம் கேட்டேன். "தோழர், அவங்க செஞ்சது தற்காப்பு" என்றார். அதனால் இந்தத் தடவை எழுத்தில்.

முதல் கருத்து: எனக்கு 'நாட்டாமை' படம் பிடிக்கும்.

கல்லைக் கீழே போடுங்கள், சொல்லி முடிக்கிறேன். 1994இல் வந்த படம். கவுண்டமணி, செந்தில் வரும் இடங்களை இன்றைக்குப் போட்டாலும் வேலையை விட்டுவிட்டு உட்காருவேன். சின்ன வயதில் பிடித்தது காமெடி இல்லை, தீர்ப்பு.

ஒரு குடியரசு தினம். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி, ஆரஞ்சு மிட்டாய் வாங்கி, சட்டையில் குத்திய தாள் கொடியோடு ஓடி வந்தேன். எங்கள் காலனியில் டிவி இருந்த வீட்டுக்குள் மொத்தத் தெருவும் உட்கார்ந்திருந்தது. குடியரசு தினச் சிறப்புத் திரைப்படம்: நாட்டாமை.

கொஞ்சம் யோசியுங்கள். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளைக் கொண்டாட, அப்படி ஒரு சட்டம் இருக்கிற சேதியே எட்டாத ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்லும் படம். போலீஸ் கிடையாது, வக்கீல் கிடையாது, அப்பீல் கிடையாது. ஒரு பெண்ணைக் கெடுத்தவனுக்கே அந்தப் பெண்ணைக் கட்டி வைக்கிறார். அது நீதியாம். ஒரு குடும்பத்தை 18 வருஷம் தள்ளி வைக்கிறார். நாங்கள் கைதட்டினோம். ஊருக்கு வெளியே தலைமுறை தலைமுறையாகத் தள்ளி வைக்கப்பட்ட நாங்கள், தள்ளி வைப்பதற்குக் கைதட்டினோம். விசில் அடித்தவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். அவர் இன்றைக்கும் அதை மறுக்கிறார்.

படம் முடிந்ததும் வேப்பமரத்தடியில் விளையாட்டு. தாத்தாவின் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நான்தான் நாட்டாமை. கோலி திருடிய வழக்கு. குற்றவாளி என் மாமா பையன். தீர்ப்பு சொல்லிக்கொண்டிருக்கும்போது தாத்தா வந்து நின்றார். ஊர்த்தெருவுக்குள் கால் வைக்கும் முன்னால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்கிற மனுஷன் அவர்.

"தீர்ப்பெல்லாம் நல்லாத்தான் சொல்ற. நான் எங்கடா நிக்கட்டும்?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். கிழவருக்கும் விளையாட ஆசை போல என்று நினைத்து, "நீ சாட்சி. அங்க நில்லு" என்றேன். நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, லேசாகக் குனிந்து நின்றார். யாரும் அவருக்கு அப்படி நிற்கச் சொல்லித் தரவில்லை. எனக்கு விஷயம் புரிய பத்து வருஷம் ஆனது. அதற்குள் அவர் போய்விட்டார்.

அதிலிருந்து எந்தப் படத்துக்குப் போனாலும் தாத்தாவின் கேள்வியும் டிக்கெட் வாங்காமல் கூடவே வந்துவிடுகிறது. நாற்காலியில் யார்? நிற்கிறது யார்? 'பரியேறும் பெருமாள்' பார்த்தபோது அந்தக் கேள்வி முதல்முறையாகப் பக்கத்து சீட்டில் அமைதியாக உட்கார்ந்திருந்தது. நம் படங்களிலும் எனக்கு ஒரு குறை உண்டு. 'கபாலி'யில் ரஜினி சிறையில் 'மை ஃபாதர் பாலையா' படிக்கும்போது தியேட்டரே கிழிகிற மாதிரி கத்தினோம். கத்தியவர்களில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தை வாங்கினோம்? நான் வாங்கினேன். முப்பது பக்கம் தாண்ட இரண்டு வருஷம் ஆனது. ரஜினிக்குச் சிறையில் நேரம் இருந்தது.

இரண்டாவது கருத்து: ராக் இசை நம்முடையது.

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழனிடம் ஒரு மெட்டாலிகா டீசர்ட் இருந்தது. மூன்று வருஷத்தில் அதைத் துவைத்து நான் பார்த்ததில்லை. கலகம் என்றால் ராக்தான் என்பான். "பறை கேட்டிருக்கியா?" என்றேன். "மச்சான், அது சாவு மேளம்டா" என்றான். மண்டை ஓடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் அதைச் சொன்னான்.

அந்த வருஷக் கலைவிழாவில் கிடார் மேடையில் இருந்தது. பறை கேட்டில் இருந்தது. சிறப்பு விருந்தினர் காரை விட்டு இறங்கி உள்ளே போகிறவரை அடித்தார்கள். அவர் போனதும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கிடார்காரர்களுக்கு பிரியாணி, பறைக்காரர்களுக்குத் தக்காளி சாதப் பொட்டலம். என் அறைத்தோழன் மேடைக்கு முன்னால் தலையை ஆட்டிக் கலகம் செய்துகொண்டிருந்தான். நான் கேட்டுக்கும் மேடைக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன். தாத்தா கேள்விதான்.

பிறகுதான் சிஸ்டர் ரொசெட்டா தார்ப் பற்றிப் படித்தேன். அமெரிக்கக் கறுப்பினப் பெண். ராக் அண்ட் ரோல் என்று உலகம் பெயர் வைப்பதற்கு முன்பே எலக்ட்ரிக் கிடாரைக் கையில் எடுத்து, சர்ச் பாட்டை அதிர அதிரப் பாடியவர். ராஜா பட்டம் எல்விஸுக்குப் போனது. ரொசெட்டா 1973இல் இறந்தார். ராக் இசைக்கென்றே அமெரிக்காவில் இருக்கும் 'ஹால் ஆஃப் ஃபேம்' அவர் பெயரைச் சேர்த்தது 2018இல். 45 வருஷம் கேட்டிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதே 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னையில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. கானாவும் பறையும் கிடாரும் ஒரே மேடையில், ஒரே உயரத்தில். அங்கேயும் எனக்கு ஒரு புகார் உண்டு: சில பாட்டில் கிடார் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். நம்ம ஆள் அடிக்கிறது கேட்க வேண்டாமா?

மூன்றாவது கருத்து: எனக்குப் பிடித்த தேசிய விடுமுறை குடியரசு தினம். ஆனால் அன்றைக்கு நான் லீவு எடுப்பதில்லை.

2020 சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் ஊராட்சி மன்றத் தலைவரான தலித் பெண்ணைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்த பிறகு, சில நாள் கழித்து ஆட்சியர் முன்னிலையில் அவர் ஏற்றினார். அதே வருஷம் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலித் பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்த படத்தை நாடே பார்த்தது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவருக்குத் தரை. ஓட்டே வாங்காத நாட்டாமைக்கு மேடை, செம்பு, பின்னணி இசை. 2022இல், கொடியேற்றுவதில் சாதிப் பாகுபாடு இருக்கக் கூடாது என்று தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சுதந்திரம் வந்து 75 வருஷம் கழித்து, கயிற்றைப் பிடிக்க ஒரு கடிதம்.

ஜனவரி 26 அன்று ஊராட்சிகளில் கிராமசபை கூட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். போயிருக்கிறீர்களா? பெரும்பாலான தம்பிகள் அன்றைக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அண்ணல் படத்தை வைத்துவிட்டு மதியம் வரை தூங்குகிறார்கள். நானும் தூங்கியவன்தான். கிராமசபையில் கேள்வி கேட்பது மீம் போடுவதைவிடக் கஷ்டம். மைக் கொடுக்க மாட்டார்கள். தீர்மான நோட்டைக் காட்டச் சொன்னால், எழுதுவதற்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடப் பார்ப்பார்கள்.

அதனால் வருகிற ஜனவரி 26க்கு ஒரு திட்டம். காலையில் ஊராட்சி அலுவலகம். கொடிக்கயிறு யார் கையில் இருக்கிறது, தலைவரின் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், தலைவரின் கணவரா, துணைத்தலைவரா என்று பாருங்கள். தவறாக இருந்தால் அங்கேயே கேளுங்கள், எழுதிக் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மதியம் வீட்டுக்கு வந்து டிவியைப் போடுங்கள். 'நாட்டாமை' ஓடினால் தாராளமாகப் பாருங்கள். கவுண்டமணிக்குச் சிரியுங்கள். தீர்ப்பு வரும்போது மட்டும் சோறு போட்டுக்கொள்ள எழுந்து போங்கள்.

நானும் எங்கள் ஊர் கிராமசபைக்குப் போவேன். துண்டு தோளில்தான் இருக்கும்.