பதினாறு பேர், ஒரு வண்டி

சைக்கிளில் ஏறி ஐரோப்பாவைக் குறுக்கே கடக்கப் போகிறேன் என்று நான் வீட்டில் அறிவித்தபோது ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. நம்பினால் அல்லவா ஆச்சரியப்படுவதற்கு? என் தாயார் மட்டும், "ஏன், அந்தத் தேசத்தில் ரயில் இல்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் ஆழம் பிரயாணத்தின் முதல் நாளன்றே எனக்கு விளங்கப் போகிறதென்று அப்போது நான் நினைக்கவில்லை.

வீட்டாரின் அவநம்பிக்கையைப் போக்குவதற்காகச் சரித்திரத்திலிருந்து ஒரு சான்றை எடுத்து வீசினேன். 1923-ம் வருஷம் அக்டோபர் மாதம் பம்பாயிலிருந்து ஆறு பார்ஸி வாலிபர்கள் சைக்கிளில் உலகத்தைச் சுற்றி வரக் கிளம்பினார்கள். பாரசீகத்தைக் கடந்து, ஐரோப்பாவைக் கடந்து, அமெரிக்காவையும் ஜப்பானையும் சீனாவையும் பார்த்துவிட்டு 1928-ல் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார்கள். அடிமைப்பட்டிருந்த தேசத்தின் பிள்ளைகள், சாலையென்று சொல்லத் தக்க சாலையே இல்லாத பாலைவனங்களில் இதைச் சாதித்தார்கள். சுதந்திர இந்தியாவின் பிரஜையாகிய நான், செப்பனிட்ட பாதையில் இதில் ஒரு சிறு பகுதியைச் சாதிக்கக் கூடாதா என்று கேட்டேன். கிளம்பிய ஆறு பேரில் கடைசி வரையில் சென்றவர்கள் மூவரே என்ற விவரத்தை மாத்திரம் அப்போது நான் வெளியிடவில்லை.

எங்கள் வழியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் சைக்கிள் பிரயாணிகளுக்காக நெடும்பாதைகளை வகுத்து, 'யூரோவெலோ' என்று பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். ஆறாம் எண் பாதை பிரான்ஸின் அட்லாண்டிக் கரையில் தொடங்கிக் கருங்கடற்கரையில் முடிகிறது. அதில் டான்யூப் நதியை ஒட்டிச் செல்லும் பகுதியை நாங்கள் தேர்ந்தெடுத்திருந்தோம். ஜெர்மனியில் டோனாவெஷிங்கன் என்ற ஊரில் புறப்பட்டு, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, குரோவேஷியா, ஸெர்பியா, பல்கேரியா ஆகிய நாடுகளின் வழியாக ருமேனியாவின் கான்ஸ்டான்ட்ஸா துறைமுகத்தை அடைய வேண்டும். நாளொன்றுக்கு அறுபது கிலோமீட்டர் வீதம், ஓய்வு நாட்களையும் சேர்த்து எட்டு வாரம்.

இருபதாம் நூற்றாண்டில் இரண்டு மகா யுத்தங்களால் சின்னாபின்னமான இந்த எட்டு நாடுகளில் ஏழுக்கு இன்று ஒரே விசா போதும். குரோவேஷியா 2023-லும், ருமேனியாவும் பல்கேரியாவும் 2025-ல் முழுமையாகவும் அந்த ஏற்பாட்டில் சேர்ந்துவிட்டன. இடையிலுள்ள ஸெர்பியா மட்டும் வெளியே நிற்கிறது. அதற்குள் போய்விட்டு மறுபடி உள்ளே வருவதற்காக, பல முறை நுழைய அநுமதிக்கும் விசாவாகப் பார்த்து வாங்க வேண்டும். இதைக் கவனியாமல் போனவன் பாதி வழியில் நிற்க நேரிடும்.

தராசின் முன்னால்

ஆகஸ்டு மாதத்து மாலை ஒன்றில், டோனாவெஷிங்கனில் ஒரு சிறு விடுதியின் தோட்டத்தில் எங்கள் கோஷ்டி முதன் முதலாக ஒன்றுகூடியது. தலைவி ஒரு ஹங்கேரியப் பெண்மணி. பள்ளிக்கூடத்தில் பூகோளம் கற்பித்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதை நெருங்கிய டச்சுக்காரர் ஒருவர், போலந்திலிருந்து வந்த தாதி ஒருத்தி, இணைபிரியாத பிரெஞ்சுத் தம்பதிகள், நீண்ட கால்களையுடைய ஜெர்மன் மாணவன் ஒருவன் என்று பல திறத்தார் இருந்தார்கள். எண்ணிப் பார்த்ததில் என்னுடன் பதினாறு பேர்.

தலைவி மரக்கிளை ஒன்றில் தொங்கு தராசை மாட்டினார். ஒவ்வொருவர் மூட்டையும் நிறுக்கப்பட்டது. பதினைந்து கிலோவுக்கு மேல் கூடாது என்பது நிபந்தனை. என் மூட்டை இருபத்தாறு கிலோ! புஸ்தகங்கள் ஐந்து, இரண்டாவது ஜோடி பூட்ஸு, கம்பளிப் போர்வை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ட்யூப், பங்க்சர் ஒட்டும் சாமான், ஸ்போக்ஸ் கம்பிகள், மழைச் சட்டை, விளக்கு இவை உள்ளே தங்கின. மிளகாய்ப் பொடி டப்பாவைத் தலைவி கையில் எடுத்தபோது, "அது மருந்து" என்றேன். அவர் முகர்ந்து பார்த்து, இரண்டு தும்மல் தும்மி, "நம்புகிறேன்" என்று சொல்லி உள்ளேயே வைத்துவிட்டார்.

பிறகு பிரயாண விதிகளைச் சொன்னார். தலைவி முன்னால் செல்வார். பாதை பிரியுமிடத்திலெல்லாம் அவருக்கு அடுத்தபடி வருபவர் இறங்கி நின்று, மற்றவர்களுக்கு வழி காட்ட வேண்டும். எல்லோருக்கும் கடைசியில் மஞ்சள் சட்டை அணிந்த ஒருவர் வருவார். அவருக்கு 'வால்' என்று பெயர். வால் கண்ணில் படும் வரையில் வழி காட்டுபவர் அசையக் கூடாது. வால் எக்காரணத்தைக் கொண்டும் ஒருவரையும் முந்தக் கூடாது. முதல் நாள் டச்சுப் பெரியவர் வாலாக நியமிக்கப்பட்டார்.

"இன்னொரு விஷயம். ஜெர்மனியின் சாலைச் சட்டப்படி, பதினைந்து பேருக்கு மேற்பட்ட சைக்கிள்காரர்கள் ஒன்றுசேர்ந்து சென்றால் அவர்கள் எல்லோரும் ஒரே வண்டியாகக் கருதப்படலாம். சாலையில் இரண்டிரண்டு பேராகப் போகலாம். முதல் ஆள் பச்சை விளக்கில் கடந்துவிட்டால், நடுவில் சிவப்பு விழுந்தாலும் மற்றவர்கள் தொடர்ந்து கடக்கலாம். நாம் பதினாறு பேர். ஒருவர் குறைந்தாலும் அந்த உரிமை போய்விடும்" என்றார் தலைவி.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

நதியின் பிறப்பிடம்

மறுநாள் காலை, பிரபு மாளிகையின் பூந்தோட்டத்தருகே உள்ள வட்டமான கற்குளத்தைச் சுற்றி நின்றோம். டான்யூப் பிறக்குமிடம் இதுவே என்று அவ்வூரார் சாதிக்கிறார்கள். தெளிந்த நீரின் அடியில் பல தேசத்து நாணயங்கள் மின்னுகின்றன. மேலே 1895-ல் அமைத்த சிலை. இந்தப் பீடபூமியாகிய 'பார்' தாய் உருவெடுத்து, தன் மகளாகிய இளம் டான்யூபுக்குக் கிழக்கே வழி காட்டுகிறாள். ஆனால் மலைமேலிருக்கும் புர்ட்வாங்கன் ஊரார், தங்கள் பக்கத்தில் உற்பத்தியாகும் பிரேக் ஆறே உண்மையான மூலம் என்கிறார்கள். பிரேகும் பிரிகாஹும் கலந்த பிறகுதான் டான்யூப் என்ற பெயர் வழங்குகிறது என்பது இருவரும் மறுக்காத விஷயம். 2,850 கிலோமீட்டர் ஓடும் நதிக்குப் பங்காளிச் சண்டை இல்லாமல் இருக்குமா?

நாங்கள் நின்ற மாகாணம் சைக்கிளுக்கும் பிறந்தகம்தான். 1817-ம் வருஷம் ஜூன் 12-ந் தேதி, இதே பாடன் பிரதேசத்தைச் சேர்ந்த கார்ல் ட்ரைஸ் என்பவர், இரண்டு மரச் சக்கரங்களை முன்னும் பின்னுமாக வைத்து, நடுவில் உட்கார்ந்து, காலால் தரையை உந்திக் கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து ஒரு சவாரி போனார். அந்த வண்டிக்குப் பெடலும் கிடையாது, செயினும் கிடையாது. எனினும் சுமார் ஏழு கிலோமீட்டர் போய், ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வந்துவிட்டார். அதைக் கேட்டபோது எனக்குத் தைரியம் பிறந்தது. எனக்குப் பெடல் இருக்கிறதே!

எட்டு மணிக்குப் பதினாறு மணிகளும் ஒன்றாக ஒலிக்கப் புறப்பட்டோம். பாதை சமதளம். இரு புறமும் அறுவடையான கோதுமை வயல்கள். நதியோ நம் ஊர் வாய்க்காலைவிடச் சற்றே பெரிது. நாணல் நடுவே வளைந்து வளைந்து சோம்பலாக வந்தது. ஐரோப்பா இவ்வளவு சுலபமா என்று எண்ணிக் கொண்டேன்.

அந்த எண்ணம் கைஸிங்கன் வரையில் நிலைத்தது. பிறகு வலது முழங்காலின் முன்புறத்தில் ஒரு வலி கண்டது. சிறிது நேரத்தில் இடது காலும் அதற்குத் துணை சேர்ந்தது. ஒருவர் முந்தினார், மூவர் முந்தினர், கடைசியில் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர்தான் எனக்குப் பின்னால் இருந்தார். ஒவ்வொரு பிரிவிலும் யாராவது ஒருவர் வெயிலில் நின்று எனக்காகக் கை காட்டிக் கொண்டிருந்தார். அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க முழங்கால் வலியைவிட மன வலி அதிகமாயிற்று.

நதி மறைந்த இடம்

இம்மெண்டிங்கனைத் தாண்டியதும் எல்லோரும் நின்று கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சேர ஒரு மணி நேரம் தாமதம். "ஒருவருக்காகப் பதினைந்து பேர் காத்திருப்பதென்றால், கருங்கடலுக்குக் கிறிஸ்துமஸுக்குத்தான் போய்ச் சேருவோம்" என்று மாணவன் மெதுவாகத்தான் சொன்னான். எனக்கு நன்றாகவே கேட்டது. அவன் சொன்னதில் தவறு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நான் பேசாமல் நதியைப் பார்த்தேன். நதியைக் காணோம்! சற்று முன்பு வரையில் கூடவே வந்த டான்யூப் இருந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று கூழாங்கற்கள் காய்ந்து கிடந்தன.

தலைவி விளக்கினார். இங்கே பூமிக்கடியில் சுண்ணாம்புப் பாறை. அதன் பிளவுகளில் தண்ணீர் இறங்கிவிடுகிறது. கோடையில் பல நாட்கள் நதி முழுவதுமே மறைந்துபோகும். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று அறிவதற்காக 1877-ல் இங்கே ஏராளமான உப்பையும் எண்ணெயையும் சாயத்தையும் கொட்டிப் பார்த்தார்கள். சுமார் அறுபது மணி நேரம் கழித்து, பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஆஹ் என்னும் ஊற்றில் தண்ணீர் பச்சை நிறமாகப் பொங்கியது. அது கான்ஸ்டன்ஸ் ஏரியில் விழுந்து, ரைன் நதியோடு சேர்ந்து வட கடலுக்குப் போகிறது. கருங்கடலுக்கென்று கிளம்பிய தண்ணீரில் ஒரு பகுதி முதல் நாளே எண்ணத்தை மாற்றிக் கொண்டு எதிர்த் திசைக்குப் போய்விடுகிறது!

ஆகா! எனக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேறு என்ன வேண்டும்? பம்பாய் வாலிபர்களிலேயே மூவர் இடையில் பிரியவில்லையா? இம்மெண்டிங்கனில் ரயில் ஸ்டேஷன் இருப்பதை வரும்போதே கவனித்திருந்தேன். மற்றவர்கள் கிளம்பியதும், டச்சுப் பெரியவரிடம் என் முடிவைச் சொன்னேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. "அப்படியானால் இனிமேல் நாங்கள் பதினைந்து பேர். பதினைந்து வண்டிகள்" என்றார். பிறகு, "போவதற்கு முன்னால் ஒரு தடவை ஸீட்டில் ஏறி உட்காருங்கள். காலையிலிருந்தே உங்களிடம் ஒன்று சொல்ல நினைத்தேன்" என்றார்.

சுவரைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்தேன். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வைக்கச் சொன்னார். அந்த நிலையில் கால் நேராக நீள வேண்டுமாம். என் முழங்கால் நன்றாக மடங்கியிருந்தது. நிறுத்தும்போது இரண்டு பாதங்களும் தரையில் பதிய வேண்டும் என்ற பயத்தினால், வாடகைக்கு எடுத்த அந்தச் சைக்கிளின் ஸீட்டை நானே வேண்டிய மட்டும் தாழ்த்தி வைத்திருந்தேன். அவர் பையிலிருந்து சிறு திருகுச் சாவியை எடுத்து, ஸீட்டை நாலு விரற்கடை உயர்த்தினார்.

"இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டேன், சற்றுக் கோபமாகவே.

"மற்றவர்கள் உங்களுக்கு முன்னால் போனார்கள், அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. ஆனால் வால் முந்தக் கூடாது என்று விதி இருக்கிறதே. நீங்கள் நிற்கட்டும் என்று காத்திருந்தேன்" என்றார்.

வலி மாயமாய் மறைந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். ஆனால் அதற்குமேல் வளரவில்லை. டுட்லிங்கன் வரையில் போய்ப் பார்ப்போம், அங்கேயும் ரயில் ஸ்டேஷன் உண்டு என்று எனக்கு நானே சொல்லிக் கொண்டு மிதித்தேன். உலர்ந்த நதியின் ஓரமாகவே சென்றோம். பிறகு ஓர் ஓடை வந்து சேர்ந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் வேறொன்று. மாலையில் டுட்லிங்கன் பாலத்தின்மேல் நின்று பார்த்தபோது கீழே மறுபடியும் தண்ணீர் இருந்தது. மூலத்தில் கிளம்பிய தண்ணீர் அதில் எவ்வளவோ, வழியில் சேர்ந்தது எவ்வளவோ. பெயர் மட்டும் டான்யூப் என்றேதான் இருந்தது.

டுட்லிங்கன், சத்திர சிகிச்சைக் கருவிகள் செய்வதில் உலகப் பிரசித்தி பெற்ற ஊர். போலந்துத் தாதி என் முழங்காலை அமுக்கிப் பார்த்து, அந்தக் கருவிகளுக்கு இப்போது அவசியமில்லை என்று தீர்ப்புச் சொன்னாள். சாப்பாட்டு மேஜையில் மிளகாய்ப் பொடி டப்பா கைக்குக் கை மாறியது. மாணவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உருளைக்கிழங்கின் மேல் அதை அளவு தெரியாமல் தூவிக் கொண்டு, கண்ணீர் வடித்தான். அதை நான் மன்னிப்பாகவே ஏற்றுக் கொண்டேன்.

தலைவி மஞ்சள் சட்டையை மடித்துக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். "நாளைக்கு வால் நீ" என்றார். அவன் முகம் சிவந்தது. மிளகாயினால்தானோ என்னவோ, நான் அறியேன்.

படுக்கப் போகுமுன் என் தாயாருக்கு இரண்டு வரி எழுதி அனுப்பினேன்: "இந்தத் தேசத்தில் ரயில் இருக்கத்தான் இருக்கிறது. இன்றைக்கு ஏறவில்லை."