ஐ7 என்றால் பெரிசு என்றுதான் நாங்களும் நினைத்தோம்

பிள்ளைகளுக்குக் கம்பியூட்டர் வாங்க யோசிக்கும் வாப்பா, உம்மாமார் இதை ஒருமுறை வாசியுங்கள். கொஞ்சம் நீளம்தான்.

சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தால் கேம் விளையாடக்கூடிய கம்பியூட்டர் ஒன்று வாங்கித் தருவதாக மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். பெறுபேறும் நன்றாக வந்தது. நாங்கள் இருவருமே ஆசிரியர்கள். லோன் கழிந்து சம்பளத்தில் மிஞ்சுவது எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். சீட்டுக் காசு ஒன்றரை இலட்சம் கையில் இருந்தது. அதற்கு மேல் வழியில்லை.

அவனுக்குச் சொல்லாமல் டவுனில் ஒரு கடைக்குப் போனோம். "சேர், இது ஐ7. ஐ3, ஐ5 எல்லாத்தையும் விட மேல. பாவிச்சதுதான், ஆனா புதுசு மாதிரி" என்றார் கடைக்காரத் தம்பி. விலையும் எங்கள் காசுக்குள் அடங்கியது. ஐ7 என்ற பெயரே எங்களுக்குப் போதுமாக இருந்தது. ஐயாயிரம் ரூபா அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்தோம்.

இரவுச் சாப்பாட்டில் விசயத்தைச் சொன்னோம். மகனின் முகம் மலரவில்லை. "எத்தனையாவது ஜெனரேஷன் வாப்பா?" என்று கேட்டான். பில்லைக் காட்டினோம். ஐ7-2600 என்று எழுதியிருந்தது. "இது 2011ல வந்தது. நான் அப்ப நேசரிக்கும் போகல்ல. இது வேணாம் வாப்பா" என்றான்.

எங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. மாமியும் மச்சினனும் இருக்க, "எவ்வளவு செய்தாலும் நன்றியில்லாத பிள்ளை" என்று சொல்லிவிட்டோம். அவன் பதில் பேசாமல் எழும்பிப் போனான்.

காலையில் மேசையில் ஒரு கொப்பித்தாள் இருந்தது. இரண்டு ப்ரொசெசர்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருந்தான். ஒன்று நாங்கள் அட்வான்ஸ் கட்டிய ஐ7-2600. மற்றது 2022இல் வந்த ஐ3-12100எஃப். இரண்டுக்கும் 4 கோர், 8 த்ரெட். ஆனால் புதிய ஐ3இன் ஒரு கோர், பழைய ஐ7இன் கோரைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகமாக வேலை செய்யும். பழையதுக்கு டிடிஆர்3 ரேம்தான். விண்டோஸ் 11ஐயும் அது முறையாக ஏற்காது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது.

அந்தத் தாளில்தான் இலக்கம் வாசிக்கப் படித்தோம். ஐ3, ஐ5, ஐ7 என்பது அந்தந்த வருடத்து வகுப்புக்குள் உள்ள இடம் மட்டும்தான். கோட்டுக்குப் பின்னால் வரும் இலக்கம்தான் எந்த வகுப்பு என்று சொல்லும். 2600 என்றால் 2ஆம் ஜெனரேஷன், 12100 என்றால் 12ஆம் ஜெனரேஷன். கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே படம் காட்டும் வசதி இல்லை, தனியாக விஜிஏ கார்ட் போட்டே ஆக வேண்டும்.

ரைசன் 5 5600உம் அவனுடைய கணக்கில் இருந்தது. 6 கோர், 12 த்ரெட். ஆசையெல்லாம் அதில்தான். ஆனால் அதை எடுத்தால் விஜிஏ கார்டுக்குக் காசு குறையும் என்று அவனே வெட்டியிருந்தான். கேமில் ஆட்களின் அசைவு, மோதல் போன்ற கணக்குகளை ப்ரொசெசர் பார்க்கும். அதைத் திரையில் வரைவது விஜிஏ. ஒன்று மட்டும் பெரிதாக இருந்து மற்றது இழுபட்டால் போட்ட காசு வீண். விஜிஏ இப்போதைக்கு வாங்கவே முடியாதவர்களுக்கு, உள்ளேயே அந்த வசதியுள்ள 5600ஜி என்றும் ஓரத்தில் எழுதியிருந்தான்.

கடைசியில் ஐ3-12100எஃப் எடுத்தோம். மிஞ்சியதில் ஓட்டிப் பார்த்து வாங்கிய பாவித்த விஜிஏ ஒன்று. பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்கவில்லை. அதே மதர்போர்டில் பிறகு ஐ5-12400எஃப் போடலாம், அதற்கு 6 கோர். பழைய ஐ7இன் போர்டில் 3ஆம் ஜெனரேஷனுக்கு மேல் ஏறவே முடியாது.

கட்டிய ஐயாயிரம் திரும்பக் கிடைக்கவில்லை. கடைக்காரத் தம்பி பொய் சொல்லவில்லை, அது ஐ7தான். கேட்க வேண்டியதை நாங்கள்தான் கேட்கவில்லை.

காசை விட அந்த இரவுச் சொல்தான் எங்களுக்குப் பாரமாக இருந்தது. வகுப்பில் கேள்வி கேட்கும் பிள்ளையைத் தட்டிக் கொடுக்கிறோம். வீட்டில் கேட்ட பிள்ளையை நன்றியில்லாதவன் என்றோம். மாமியும் மச்சினனும் அடுத்த முறை வந்தபோது, அவர்கள் முன்னாலேயே மகனிடம் மன்னிப்புக் கேட்டோம். வெட்கப்பட்டு, "பரவாயில்ல வாப்பா, வாங்க, ஓட்டிக் காட்டுறன்" என்று கூட்டிப் போனான். விளையாடும்போது படம் இழுபட்டால் ரெசலூஷனைக் குறைத்துப் பார்க்கச் சொன்னான். அப்போதும் வேகம் கூடாவிட்டால் ப்ரொசெசர்தான் போதவில்லையாம்.

நீங்கள் கடைக்குப் போகுமுன் மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: ப்ரொசெசரின் முழு இலக்கம், அது வந்த வருடம், அந்த போர்டில் பிறகு எதுவரை போடலாம். போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.