பிழைக்கென்று ஒரு கட்டம்

ஏப்ரல் 15, 2025 - செவ்வாய்

இன்று அமெரிக்காவில் எந்த மேஜர் லீக் பேஸ்பால் ஆட்டத்தைப் போட்டாலும் ஆடுகிறவர்கள் எல்லார் முதுகிலும் ஒரே எண்: 42. 1947-ல் இதே தேதியில், புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டில், ஜாக்கி ராபின்சன் டாட்ஜர்ஸ் அணிக்காக முதல் பேஸில் வந்து நின்றார். தலைமுறைகளாகக் கறுப்பினத்தவருக்குச் சாத்தியிருந்த கதவு அன்று திறந்தது. 1997-ல் எல்லா அணிகளும் அந்த எண்ணுக்கு ஓய்வு கொடுத்தன. வருடத்தில் இந்த ஒரு நாள் மட்டும் எல்லாரும் அதை அணிகிறார்கள்.

ராபின்சனுக்கு முன்பு மகத்தான ஆட்டக்காரர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் நீக்ரோ லீக் என்று அழைக்கப்பட்ட தனி லீக்குகளில் ஆடினார்கள். அவர்கள் அடித்ததும் ஓடியதும் மேஜர் லீக் கணக்கில் சேரவில்லை. அந்த லீக்குகளும் மேஜர் லீக்குகள்தான் என்று 2020-ல் அறிவித்தார்கள். 2024 மே மாதம் அவற்றின் எண்களைப் பதிவேட்டில் சேர்த்தார்கள். உடனே பட்டியலின் தலை மாறியது. நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த டை காபின் வாழ்நாள் மட்டைச் சராசரி .367. இப்போது அதற்கு மேலே ஜாஷ் கிப்சன், .372. அவர் இறந்தது 1947 ஜனவரியில். ராபின்சன் களமிறங்க இன்னும் மூன்று மாதம் இருந்தது.

இது கிப்சனுக்குப் போய்ச் சேராத நியாயம். ஆனாலும் பதிவேடு தன் பிழையை ஒப்புக்கொண்டு திருத்திக்கொண்டது பெரிய காரியம்.

மே 17 - சனி

சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் மைதானம். மேல்தட்டில் இடம். வலப்பக்கச் சுவருக்கு அப்பால் விரிகுடாத் தண்ணீர். சுவரைத் தாண்டி விழும் ஹோம் ரன் பந்தைப் பிடிக்கச் சின்னப் படகுகளில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். என் மடியில் ஸ்கோர் அட்டை, கையில் பென்சில்.

பேஸ்பாலை எனக்குப் பழக்கியது இந்த அட்டைதான். களத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6. வெளிமைதானம் 7, 8, 9. இன்று நாலாவது இன்னிங்ஸில் ஒரு கட்டத்தில் 6-4-3 என்று எழுதினேன். தரையோடு வந்த பந்தை ஷார்ட்ஸ்டாப் வாரி எடுத்து இரண்டாம் பேஸுக்குத் தந்தார், அங்கிருந்தவர் பேஸை மிதித்துக்கொண்டே முதல் பேஸுக்கு எறிந்தார், இருவர் அவுட். மூன்று எண்களுக்குள் அவ்வளவும் அடங்கிவிடுகிறது. ஸ்ட்ரைக்-அவுட்டுக்கு ஆங்கில எழுத்து ‘கே’. மட்டையை வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும்.

இந்த முறைக்கு வழி வகுத்தவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து, சிறுவனாக நியூயார்க் பக்கம் வந்து, கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். பிறகு பேஸ்பால் மேல் ஆசை வந்து, ஆட்டம் முழுவதையும் ஓர் அட்டவணைக்குள் அடக்கிக் காட்டினார். மைதானத்தின் பெரிய பலகையில் இன்றும் கடைசியில் மூன்று கட்டங்கள்: ரன், ஹிட், எரர். எத்தனை பிழை செய்தது இந்த அணி என்று நாற்பதாயிரம் பேர் பார்க்க எழுதிவைக்கிறார்கள்.

அந்த மூன்றாவது கட்டத்தின் பயன் பிழை செய்தவரைக் குத்திக்காட்டுவது அன்று. பந்தை எறிந்தவரைக் காப்பாற்றுவது. எளிதாகப் பிடித்திருக்க வேண்டிய பந்தை ஒருவர் நழுவவிட, அதனால் எதிரணிக்கு ரன் கிடைத்தால், அந்த ரன் அணியின் கணக்கில் ஏறும். ஆனால் பிட்சரின் சராசரியில் ஏறாது. அது அவர் விட்ட ரன் இல்லை என்று ஸ்கோரர் தீர்ப்பு எழுதிவிடுவார்.

அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையை வானொலியில் கேட்டுக் கிரிக்கெட் பித்துப் பிடித்தவன் நான். நம் ஸ்கோர் அட்டையில் இந்த நியாயம் இல்லை. ஸ்லிப்பில் கேட்ச் நழுவி, பிழைத்த மட்டையாளர் அதன்பின் சதம் அடித்தாலும், அந்த பௌலரின் பந்தில் எடுத்த ரன் எல்லாம் அவர் தலையில்தான். கேட்சை விட்டவர் பெயர் அட்டையில் எங்கும் இராது.

ஜூன் 2 - திங்கள்

பதினைந்து வருடங்களுக்கு முன் இதே நாள், டெட்ராய்ட். வெனிசுவேலாக்காரர் அர்மாண்டோ கலராகா பந்து எறிகிறார். பெர்ஃபெக்ட் கேம் என்றால் எதிரணியின் 27 பேரும் வரிசையாக அவுட் ஆக வேண்டும், ஒருவர்கூட முதல் பேஸை மிதிக்கக் கூடாது. அதுவரையிலான மேஜர் லீக் வரலாற்றிலேயே அப்படி நடந்தது 20 முறைதான். கலராகா 26 பேரை முடித்துவிட்டார். கடைசி ஆள் அடித்த பந்தை மிகேல் கப்ரேரா எடுத்து எறிய, கலராகாவே ஓடிவந்து பிடித்து முதல் பேஸை மிதித்தார். ஓடிவந்தவருக்கு இன்னும் ஓர் எட்டு மிச்சம் இருந்தது. நடுவர் ஜிம் ஜாய்ஸ் இரு கையையும் விரித்தார்: சேஃப்.

கலராகா செய்தது ஒரு புன்னகை, அவ்வளவுதான். திரும்பிப் போய் அடுத்தவரை அவுட் ஆக்கினார். ஆட்டம் முடிந்து வீடியோவைப் பார்த்த ஜாய்ஸ், தன் தீர்ப்பு தவறு என்று பத்திரிகையாளர் முன் ஒப்புக்கொண்டார். கலராகாவிடமும் மன்னிப்புக் கேட்டார். மறுநாளும் அவர்தான் நடுவர். ஆட்டம் தொடங்குமுன் அணிப்பட்டியலை நடுவரிடம் கொடுக்க டெட்ராய்ட் அணி அனுப்பியது கலராகாவை. அதை வாங்கும்போது ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கலராகாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

லீக் தீர்ப்பை மாற்றவில்லை. 2014 முதல் இத்தகைய தீர்ப்புகளை வீடியோ பார்த்துத் திருத்த வழி செய்தார்கள். தேவையான மாற்றம். ஆனாலும் அந்த இருவரும் அந்த இரண்டு நாளில் நடந்துகொண்ட விதத்தை எந்தக் கேமராவும் தந்திருக்க முடியாது.

ஜூன் 12 - வியாழன்

ஓக்லண்ட் கொலீசியத்தில் கிரிக்கெட்! ஏதலடிக்ஸ் பேஸ்பால் அணி 1968 முதல் ஆடிய வீடு இது. போன செப்டம்பரில் கடைசி ஆட்டம் ஆடிவிட்டு ஊரை விட்டே போய்விட்டார்கள். அந்தப் புல்லில் இன்று மேஜர் லீக் கிரிக்கெட்டின் புது சீசன் தொடக்கம். சான் பிரான்சிஸ்கோ யூனிகார்ன்ஸின் ஃபின் ஆலன் 51 பந்தில் 151 ரன். அதில் 19 சிக்ஸர், டி20 இன்னிங்ஸ் எதிலும் அதற்குமுன் யாரும் அடிக்காத எண்ணிக்கை.

பக்கத்தில் இருந்த தமிழ்ப் பையன், கல்லூரியில் படிக்கிறவன், கேட்டான்: “அங்கிள், ரிக்கி ஹெண்டர்சன் ஓடினது இங்கதானே?” எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஓக்லண்டில் வளர்ந்தவர் ஹெண்டர்சன். பிட்சர் அசந்த நேரம் அடுத்த பேஸைத் திருடி ஓடுவதில் அவருக்கு நிகர் இல்லை. மொத்தம் 1,406 முறை. பழைய சாதனையை 1991-ல் முறியடித்ததும் இதே மண்ணில்தான். கடந்த டிசம்பரில் காலமானார். “ஆமாம்ப்பா, அதோ அந்தப் பக்கம்தான் பேஸ் இருந்தது” என்று காட்டினேன்.

பேஸ்பாலில் மட்டையாளருக்கு முன்னால் உள்ள கால்வட்டம்தான் களம். பின்னால் போனால் ஃபவுல். கிரிக்கெட்டில் சுற்றிலும் களம். அதனால்தான் கிரிக்கெட்டில் மணிக்கட்டு பேசுகிறது, பேஸ்பாலில் இடுப்பு பேசுகிறது. இரண்டையும் ஒரே மைதானத்தில் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஜூன் 21 - சனி

ஸ்கேட்போர்டிங் தினம். பார்ட் ரயிலில் சான் பிரான்சிஸ்கோ போய், சிவிக் சென்டரில் இறங்கி, ஐக்கிய நாடுகள் சதுக்கத்துக்கு ஏறினேன். 1945-ல் இந்த நகரத்தில் ஐ.நா. சாசனம் கையெழுத்தானதன் நினைவாக உண்டான சதுக்கம். ஒரு காலத்தில் ஸ்கேட்போர்டுக்காரர்களைப் பொது இடங்களிலிருந்து விரட்டுவதற்கென்றே கல் விளிம்புகளில் இரும்புக் குமிழ்களைப் பதித்தார்கள். அதே நகராட்சி 2023-ல் இங்கே அவர்களுக்கென்று மேடையும் கம்பியும் போட்டுத் தந்திருக்கிறது.

ஒரு சிறுமியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிக்ஃப்ளிப் பழகுகிறாள். பின்காலால் பலகையின் வாலைத் தரையில் அடிக்க வேண்டும். அது எழும்பும் நொடியில் முன்காலின் ஓரத்தால் மணற்காகிதம் ஒட்டிய மேற்பரப்பை உரசி உதற வேண்டும். பலகை காற்றில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி நிமிரும்போது இரு காலும் அதன்மேல் இறங்க வேண்டும். அவளுக்குப் பலகை சுற்றியது, ஒரு கால் மட்டும் தரையிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. காலணியின் முன்பக்கம் உரசி உரசித் துணி நைந்து காலுறை தெரிந்தது. யாரும் அருகில் போய்ப் பாடம் நடத்தவில்லை. ஒருமுறை அவள் நன்றாகவே விழுந்தாள். சுற்றி நின்றவர்கள் தங்கள் பலகைகளைத் தரையில் டக் டக்கென்று தட்டினார்கள். அவர்கள் ஊரில் அதுதான் கைதட்டு. இன்னும் வராத வித்தைக்கு, முயற்சிக்குக் கிடைத்த கைதட்டு!

ஸ்கேட்போர்டு ஓட்டும் மாமல்லபுரத்துச் சிறுமியைப் பற்றிய ‘கமலி’ என்ற குறும்படம் 2020-ல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதே பிரிவில் விருதை வென்ற படம் காபூலில் ஸ்கேட்போர்டு கற்கும் சிறுமிகளைப் பற்றியது. அது அந்த வருடம் ஆஸ்கரும் வாங்கியது. கடற்கரை ஊரிலும் போர் நடந்த ஊரிலும் பெண்பிள்ளைகளை நாலு சக்கரம் தெருவுக்குக் கொண்டுவந்திருக்கிறது.

ஜூன் 27 - வெள்ளி

1999-ல் இதே தேதியில், இதே சான் பிரான்சிஸ்கோவில், ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக் ‘900’ என்ற வித்தையைச் செய்தார். காற்றில் இரண்டரைச் சுற்று. வயது 31. விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். போட்டி நேரம் முடிந்துவிட்டது. அவரோடு போட்டியிட்டவர்கள் யாரும் நேரத்தைச் சுட்டிக்காட்டவில்லை; பலகையைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் இறங்கினார். சட்டப்படி நேரம் கடந்த முயற்சி. உலகம் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

ஆகஸ்ட் 4 - திங்கள்

நான்கு வருடம் ஆகிறது. டோக்கியோ, பெண்கள் பார்க் பிரிவின் இறுதி. ஸ்கேட்போர்டிங் ஒலிம்பிக்கில் நுழைந்த முதல் முறை. உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த 15 வயது மிசுகு ஒகமோதோ, கடைசி ஓட்டத்தில் தங்கத்துக்குக் குறிவைத்து, விழுந்தாள். நாலாம் இடம். அழுதுகொண்டு மேலே வந்தவளை மற்ற நாட்டு வீராங்கனைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு தோளில் தூக்கினார்கள். தங்கம் வென்றவளையல்ல, விழுந்தவளை! ஒலிம்பிக் தொடங்கிய நாள் முதல் வெற்றிக்கென்று வைத்திருந்த மரியாதையை அந்தப் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

தெருப் பிரிவின் மதிப்பெண் முறையும் இதே குணம் உள்ளது. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓட்டத்தின் மதிப்பெண்ணோடு ஐந்து வித்தைகளில் சிறந்த இரண்டைத்தான் எண்ணினார்கள். விழுந்தவை கழிந்துபோகும். யூதோ ஹொரிகோமே இடையில் தொடர்ந்து தவறவிட்டு, கடைசி வித்தையில் 97.08 வாங்கினார். மொத்தம் 281.14, அடுத்தவருக்கு 281.04. பத்தில் ஒரு புள்ளியில் தங்கம்.

ஆகஸ்ட் 17 - ஞாயிறு

ஃப்ரீமான்ட் பூங்காவில் வார இறுதிக் கிரிக்கெட். ஆடும் வயது கடந்ததால் எனக்கு ஸ்கோரர் வேலை. போன் ஆப் இருக்கிறது, இருந்தாலும் நோட்டுப் புத்தகமும் வைத்திருக்கிறேன். இன்று அதில் பௌலர் பெயருக்கு நேராகப் புதிதாக ஒரு கட்டம் போட்டேன். கொலீசியத்தில் பார்த்த பையன் இந்த அணியில்தான் ஆடுகிறான். எட்டிப் பார்த்து, “இது என்ன கட்டம் அங்கிள்?” என்றான்.

“விட்ட கேட்ச். உன் பந்தில் யார் விட்டாங்க, அதுக்கப்புறம் அந்த பேட்ஸ்மேன் எத்தனை அடிச்சார்னு.”

“அப்ப என் கணக்கு சுத்தம்னு தெரியும்!”

“நீ மிட்-ஆனில் விட்டதும் இதிலே ஏறும், தம்பி.”

“ஏறட்டும் அங்கிள். அடுத்ததைப் பிடிச்சுடறேன்” என்று சிரித்துக்கொண்டே ஓடினான்.

2028-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். பேஸ்பால் டாட்ஜர் ஸ்டேடியத்தில், கிரிக்கெட் பொமோனாவில், ஸ்கேட்போர்டிங் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்திலேயே. கிரிக்கெட் ஒலிம்பிக்குக்குத் திரும்புவது 1900-க்குப் பிறகு இப்போதுதான். மூன்று ஆட்டத்தின் ஆட்களும் ஒரே ஒலிம்பிக்கில் கூடுவார்கள். ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு வராது.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் ஊர் டிவிஷன் லீக்கிலோ, பள்ளிக்கூட ஆட்டத்திலோ, தெருமுனை டோர்னமென்டிலோ ஸ்கோர் எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த ஞாயிறு உங்கள் நோட்டில் விட்ட கேட்சுக்கு ஒரு கட்டம் போடுங்கள். விட்டவனைத் திட்ட அல்ல, பந்து வீசியவனுக்கு உரியதைக் கொடுக்க.