ஜியாமெட்ரி பாக்ஸும் மைக் செட் மாமாவும்

ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர்னா ஏதோ காஸ்ட்லி சமாச்சாரம்னு பயந்துடாதீங்க மக்களே! ஒரு ஐ.சி., கொஞ்சம் ரெசிஸ்டர், கெபாசிட்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி... மேட்டர் முடிஞ்சது. சூ மோய் என்பவர் 1998-ல் இப்படி ஒரு சர்க்யூட்டை வெளியிட்டார். பல நாட்டுப் பசங்களும் அதைப் பெப்பர்மின்ட் டப்பாவுக்குள் அடைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தார்கள். அவர் பெயராலேயே 'சீமோய்' என்று அதற்குச் செல்லப்பெயர். நான் அதை என் ஸ்கூல் காலத்து ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் செய்தேன். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டாரைத் தனியாகக் கேட்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம். அதற்கு இன்னொரு வேலையும் தெரியும் என்பது என் தாய்மாமாவால்தான் புரிந்தது.

மாமா, கோவில்பட்டி பக்கம் மைக் செட் வைத்திருந்தவர். கோயில் கொடை, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மரத்தில் ஏறிக் குழாய் கட்டுவது அவர்தான். "ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ..." அந்தக் குரல் காதில் விழுந்தால்தான் எங்களுக்குத் திருவிழாவே ஆரம்பம்!

அந்தத் தொண்டையில்தான் கேன்சர் வந்தது. (ஏன் என்று கேட்டால், அவர் சட்டைப்பையில் இருந்த பீடிக்கட்டு பதில் சொல்லும்.) குரல்வளையை முழுசாக எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். அப்புறம் மூச்சு விடுவது கழுத்தில் போடுகிற துளை வழியாகத்தான். பேசுவதற்கு வேறு வழிகளைப் பழகிக்கொள்ளலாம். ஆனால், அந்தப் பழைய குரல் திரும்பாது. எங்களுக்கு இருந்தது பத்தே நாள்.

அதற்குள் அவர் குரல் பாதி காற்றாகியிருந்தது. அத்தை செல்போனில் பதிவு செய்து அனுப்பியதை ஃபுல் வால்யூமில் கேட்டால், மாமாவைவிட 'உஸ்ஸ்ஸ்...' சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. காலேஜில் ஒரு கையடக்க ரெக்கார்டரைக் கடன் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். அதன் மைக் ஜாக்கில் சின்ன காலர் மைக்கைச் செருகிப் பார்த்தால், அங்கேயும் அதே 'உஸ்ஸ்!'

மாமா கிட்டே கூப்பிட்டுக் கிசுகிசுத்தார். "மாப்ளே, சத்தத்தை மொதப் படியிலேயே தூக்கிரணும். கடைசியில தூக்குனா இரைச்சலும் சேர்ந்துல்லா எந்திரிக்கும்."

நாலு வருஷ இன்ஜினீயரிங்கை ரெண்டே வரியில் முடித்துவிட்டார் மனுஷன்!

விஷயம் இதுதான். மைக்கில் இருந்து வருவது ஒரு மில்லிவோல்ட்கூடத் தேறாத சிக்னல். ரெக்கார்டருக்குள் இருக்கும் மலிவான மைக் ஆம்ப்ளிஃபையர், அதைப் பெரிதாக்கும்போது தன் சொந்த இரைச்சலையும் கலந்துவிடுகிறது. அதற்குப் பதில், வெளியிலேயே சுத்தமாகப் பெரிதாக்கி, ரெக்கார்டரின் 'லைன் இன்' ஜாக்கில் கொடுத்தால்? அதற்குத்தான் என் பையில் ஜியாமெட்ரி பாக்ஸ் இருக்கிறதே! ஹெட்போனுக்குப் போனால் என்ன, ரெக்கார்டருக்குப் போனால் என்ன... பெரிதாக்குவதுதானே அதன் வேலை?

சின்னச் சின்ன ஆபரேஷன்கள் தேவைப்பட்டன. ஒரிஜினல் சர்க்யூட் 11 மடங்குதான் பெருக்கும். பாட்டுக்கு அது ஜாஸ்தி, கிசுகிசுப்புக்குப் பத்தாது. 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கழற்றி 220 ஓம் போட்டதும் சுமார் 46 மடங்கு ஆனது. அடுத்து, காலர் மைக்கில் இருப்பது எலெக்ட்ரெட் மைக். அது வேலை செய்யச் சில வோல்ட் கரன்ட் வேண்டும். ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் அதைக் கொடுக்காது. அதனால் தனியாக ஒரு 9 வோல்ட் பேட்டரியில் இருந்து 4.7 கிலோ ஓம் வழியாகக் கொடுத்தேன். அந்த டி.சி. ஆம்ப்ளிஃபையருக்குள் நுழையாமல் இருக்க நடுவில் ஒரு 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். டி.வி. ரிப்பேர் கடையில் எல்லாமே கிடைத்தது.

உள்ளே இருந்த ஐ.சி. ஓ.பி.ஏ.2134. அதன் இரைச்சல், காது கேட்கும் எல்லை முழுக்கக் கணக்குப் போட்டாலும் சுமார் 1 மைக்ரோவோல்ட்தான். காலர் மைக்கின் சொந்த இரைச்சலே அதைவிட அதிகம். அப்புறம் என்ன கவலை?

மாமாவுக்கு மட்டும் ஒரு குறை. "நம்ம மேடை மைக்குல பேசுதேன்டா" என்று அடம்பிடித்தார். அது டைனமிக் மைக். பேட்டரி வேண்டாம்தான், ஆனால், சிக்னல் இன்னும் சின்னது. ஆயிரம் மடங்கு பெருக்கினால்தான் ஆளாகும். மாமாவின் மனசுக்காக அதைக் கையில் கொடுத்துவிட்டு, காலர் மைக்கைச் சட்டையில் குத்தினேன்.

எந்த ஆம்ப்ளிஃபையருக்கும் ஃபேன் எது, மாமா எது என்று தெரியாது. எல்லாவற்றையும்தான் பெரிதாக்கும். எனவே ராத்திரி பதினொரு மணிக்கு ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் ஆஃப். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். 'உஸ்ஸ்' அடங்கிப் போயிருந்தது. மாமா மூச்சு இழுப்பது, எச்சில் விழுங்குவது, உதடு பிரிவது வரைக்கும் கேட்டது. முதலில் மைக் டெஸ்டிங். அப்புறம் பேரப்பிள்ளைகள் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். கடைசியாக, கல்யாணமாகி முப்பது வருஷத்தில் முதல்முறையாக அத்தையைப் பெயர் சொல்லி அழைத்தார். அத்தை சமையல்கட்டுக்கு எழுந்து போய்விட்டாங்க. அந்த அடுப்படி விசும்பலும் லேசாகப் பதிவாகியிருக்கிறது. அதை நான் எடிட் செய்யவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாமா இப்போது தாடைக்குக் கீழே வைத்துப் பேசும் எலெக்ட்ரோலாரிங்ஸ் கருவி பழகுகிறார். ரோபோ மாதிரி ஒரே சுருதியில் வருகிற குரல். குட்டிப் பசங்களுக்கு அது பயங்கர ஜாலி!

உங்க வீட்டிலும் பேசிக்கொண்டே இருக்கிற ஒருத்தர் இருப்பார். சீக்கிரமே ஒரு ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள். யூ.எஸ்.பி.யில் செருகுகிற ஹெட்போன் டாங்கிள் இதற்கு உதவாது. அனலாக் இன்புட் இருக்கிற ஆம்ப்ளிஃபையர்தான் வேண்டும். எதுவுமே இல்லையா? போனை வாய்க்குப் பக்கத்தில் வையுங்கள். இரைச்சலோடு இருந்தாலும் பரவாயில்லை, இருக்கட்டும்.

போன மாசம் மாமாவுக்கு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடி முழுசாகக் கேட்டார். நோட்டை எடுத்து எழுதி என் பக்கம் தள்ளினார்.

'பேஸ் கொஞ்சம் கம்மி.'