பட்டாவும் மண்வெட்டியும்

பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கும் தாமிரபரணி, ஸ்ரீவைகுண்டம் வரையில் எட்டு அணைக்கட்டுகளில் தங்கித் தங்கிச் செல்கிறாள். எந்த வாய்க்காலிலும் அவள், "இந்த வயல் யார் பெயரில் இருக்கிறது?" என்று விசாரிப்பதில்லை. சர்க்கார் பணத்துக்கு அந்தச் சுபாவம் கிடையாது.

2019-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் மத்திய சர்க்கார் தொடங்கிய பி.எம். கிஸான் திட்டத்தை நேயர்கள் அறிவார்கள். வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை, நேரே பாங்கிக் கணக்கில். நல்ல ஏற்பாடுதான். இரண்டு ஹெக்டேருக்கு உட்பட்டவர்களுக்கு மாத்திரம் என்று முதலில் சொன்னார்கள். அவ்வருஷமே அந்த வரம்பை நீக்கினார்கள். ஒரு நிபந்தனை மாத்திரம் அசையவில்லை: நிலம் விவசாயியின் பெயரில் இருக்கவேண்டும்.

நெல்லைச் சீமையில் இது லேசான நிபந்தனையா? இங்கே நஞ்சையில் கணிசமான பகுதி கோயில்களுக்கும் மடங்களுக்கும் உரியது. ஸ்தாபனங்களின் நிலத்துக்குத் திட்டத்தில் இடமில்லை. ஆகவே ஸ்வாமிக்கும் பணம் கிடையாது. ஸ்வாமியின் வயலில் சேறு மிதிக்கிறவனுக்கும் கிடையாது! தனியார் நிலமானால், சொந்தக்காரர் சென்னையிலோ பம்பாயிலோ இருப்பார். அவர் வருமான வரி செலுத்துகிறவராக இல்லாவிட்டால் தவணை அவருக்குப் போகும். வரி செலுத்துகிறவரானால் ஒருவருக்கும் போகாது.

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு ஆழ்வார்திருநகரிப் பக்கம் சென்றிருந்தோம். பிசானப் பயிர் மணலுக்கு அடியில் கிடந்தது. 33 சதவிகிதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று ராஜ்ய சர்க்கார் அறிவித்திருந்த சமயம் அது. வரப்பில் நின்ற குத்தகைக்காரர் ஒருவரிடம், "உங்களுக்கும் கிடைக்குமல்லவா?" என்று கேட்டோம்.

"சிட்டாவுல எம் பேரு இல்லையே, அண்ணாச்சி."

"குத்தகைக்கு ஒரு சீட்டாவது எழுதி வாங்கிக்கொள்ளலாமே?"

அவர் சிரித்தார். "சீட்டு கேட்டா வயலையே கேட்ட மாதிரில்லா ஆயிரும்! அடுத்த காருக்கு வேற ஆளப் பாத்துருவாக."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. குத்தகைதாரரை வெளியேற்றாமல் காக்க 1955-இல் ஒரு சட்டம் வந்தது. அவர் உரிமையைப் பதிவு செய்ய 1969-இல் இன்னொன்று வந்தது. காகிதம் பிறந்தால் குடியானவனை எளிதில் எழுப்ப முடியாது என்பதை நிலக்காரர் நன்கு அறிவார். ஆகையால் காகிதம் பிறப்பதே இல்லை. காப்பதற்கென்று ஏற்பட்ட சட்டமே ஏழையின் வாயை அடைத்துவிட்டது. வாய்ப்பேச்சில் குத்தகை, கோட்டைக் கணக்கில் நெல்.

காகிதத்தை நம்பினால் மோசடிக்கு இடமில்லை என்பார்கள். 2020-இல் இதே தமிழ்நாட்டில் விவசாயிகளே அல்லாத லட்சக்கணக்கானோர் இத்திட்டத்தில் சேர்ந்து, சுமார் 110 கோடி ரூபாய் தவறான கைகளுக்குச் சென்றது. உழாதவன் பெயர் கணினியில் நுழைந்துவிட்டது. உழுகிறவன் பெயர் வாசலிலேயே நிற்கிறது!

ஆந்திரத்தில் 2019-இல் தொடங்கிய ரைத்து பரோசாவில் குத்தகைதாரரில் ஒரு பகுதியினரையும் சேர்த்தார்கள். பட்டாவைத் தொடாமலே, குத்தகைப் பாத்தியதை கோராமலே, ஒரு பருவத்துக்குப் 'பயிர் வைத்தவர் இன்னார்' என்று மாத்திரம் சான்று தரலாம். நிலக்காரரின் அச்சமும் குறையும். கிராம அதிகாரி எப்படியும் பருவந்தோறும் வயலைப் பார்த்து அடங்கல் எழுதுகிறார். கார் நடவின்போது வரப்பில் இறங்கினால், மண்வெட்டியுடன் நிற்கிறவர் யார் என்று அவர் யாரையும் கேட்கவேண்டியதில்லை.