பகலில் ஒரு விளக்கு

பட்டப்பகலில் விளக்கேற்றி வைத்திருப்பவரைக் கண்டால் ஊரார் நகைப்பர். எண்ணெய் வீணாகிறதே என்று கடிந்துகொள்ளும் பெரியோரும் உளர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு நகைத்தவர்களே. வெயில் காயும் வெளியில் நின்று, கமராவின் பிளாஷ் விளக்கை மின்ன வைத்துப் படமெடுத்த ஒருவரைக் கண்டு, "சூரியனுக்கே வெளிச்சம் காட்டுகிறார், பாருங்கள்!" என்று பரிகசித்ததும் உண்டு. அந்தப் பரிகாசத்திற்கு நாம் கொடுத்த விலை சிறிதன்று. வீட்டிலே கமராவோ கைத்தொலைபேசியோ வைத்திருக்கும் இளைஞருக்குப் பயன்படக்கூடும் என்பதனால் அதனை ஈண்டு எழுதத் துணிகிறோம்.

திருகோணமலை நகரத்தில் ஓர்ஸ் ஹில் என்னும் மேட்டுப் பகுதியை அறிந்தவர்கள், அங்கிருந்து தெரியும் உட்துறைமுகத்தின் அழகையும் அறிவர். காலையில் வெயில் நமக்குப் பின்னால் நகரப் பக்கமிருந்து வந்து நீரின்மேல் விழும். மாலையிலோ சூரியன் சீனக்குடாப் பக்கமாகச் சாய்ந்து, துறைமுகம் முழுவதையும் உருக்கிய பித்தளைபோல் ஆக்கிவிடும். இந்தக் காட்சியைப் பின்னால் வைத்து ஒரு முழு உருவப் படம் எடுக்கவேண்டும் என்பது, இங்கு வாழும் குடும்பங்களுக்கெல்லாம் இயல்பாகத் தோன்றும் ஆசை. எமக்கும் தோன்றியது.

2003ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு நாள் அது. போர் ஓய்ந்திருந்த காலம். நெடுநாள் பிரிந்திருந்த உறவினர் சிலர் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தனர். மருத்துநீர் வைத்து நீராடி, கோணேசர் கோயிலில் வழிபட்டு வந்து, எல்லோருக்கும் கைவிசேஷம் கொடுத்து முடித்த எம் தந்தையார், பட்டு வேட்டியும் சால்வையுமாக முற்றத்திற்கு வந்தார். படமெடுப்பது என்றாலே விலகிச் செல்பவர் அன்று தாமாகவே, "என்னையும் ஒன்று எடு" என்றார். நண்பகல் வேளை. வேப்பமரத்தைக் காட்டி, "இந்த மரத்தடியில் நிற்கட்டுமா, தம்பி? வெயில் கண்ணைக் கூசுது" என்று கேட்டார். "வேண்டாம் அப்பா, அங்கே நின்றால் துறைமுகம் விழாது" என்று சொல்லி, அவரை வெயிலுக்கு இழுத்து வந்தவர்கள் நாமே.

பிலிம் கழுவி வரச் சில நாட்கள் ஆயின. படத்தில் துறைமுகம் இருந்தது. நீலக் கடலும், எதிர்க்கரைக் குன்றுகளும், வேட்டியின் கரையும், காற்றில் அசைந்த சால்வையின் குஞ்சமும் தெளிவாக இருந்தன. தந்தையாரின் நெற்றியும் மூக்கு நுனியும் வெயிலில் பளபளத்தன. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கரிய குழிகள். கன்னமும் வாயும் இருளில் மறைந்திருந்தன. "பரவாயில்லை, இன்னொரு நாள் எடுப்போம்" என்றார் அவர். அந்த இன்னொரு நாள் வரவில்லை. 2005ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

31ஆம் நாள் நினைவு மலருக்குப் படம் தேவைப்பட்டது. அந்தப் புத்தாண்டுப் பிலிமை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவிற்குப் போனோம். அங்கிருந்த முதியவர் அதனை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "முகத்தில் ஒன்றும் பதியவில்லையே, தம்பி. இல்லாததை நான் எங்கிருந்து எடுப்பது?" என்றார். கடைசியில், தேசிய அடையாள அட்டையிலிருந்த சிறு படத்தையே பெரிதாக்கிச் சட்டமிட்டோம். அதில் இருப்பவர் எமக்கு அறிமுகமில்லாத ஓர் இளைஞர், சிரிக்கவும் இல்லை.

எங்கே பிழைத்தோம் என்பதைப் பின்னரே கற்றறிந்தோம். திருகோணமலை, நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறக்குறைய எட்டரைப் பாகையில் உள்ளது. ஆகவே ஆண்டில் இருமுறை, ஏப்ரல் இரண்டாம் வாரமளவிலும் ஆகஸ்ட் இறுதியிலும், நண்பகற் சூரியன் எமது உச்சிக்கு நேர்மேலே நிற்கும். புத்தாடை உடுத்திப் படமெடுக்க நாம் கூடும் சித்திரைப் புத்தாண்டு, அந்த நாட்களை ஒட்டியே வருகிறது. உச்சியிலிருந்து விழும் ஒளி நெற்றியை நனைத்துவிட்டுப் புருவத்தோடு நின்றுவிடும், கண்ணுக்குள் இறங்காது. எமது கண் அந்த நிழலுக்குள்ளும் பார்க்க வல்லது. பிலிமுக்கு அவ்வளவு வலு இல்லை. போதாக்குறைக்கு, பின்னால் மின்னிய நீரையும் வெள்ளை வேட்டியையும் அளந்த கமரா, வெளிச்சம் மிகுதி என்று முடிவுசெய்து, உள்ளே விடும் ஒளியைக் குறைத்துவிட்டது. கடலுக்கு அது சரியான அளவு. தந்தையாரின் முகத்திற்கு அன்று.

வெயிலை மட்டும் நம்பிப் படமெடுத்தவர்கள் உலகில் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 1875ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே மறைந்த ஜூலியா மார்கரெட் கமரூன் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலப் பெண்மணி, இந்நாட்டு உழைப்பாளரைப் படமெடுத்தபோது அவரிடம் விளக்கு ஏதும் இல்லை. அக்காலத்தவர் நிழலையும் வேளையையும் தேர்ந்து காத்திருந்தனர். பின்னர் மக்னீசியப் பொடியைக் கொளுத்தும் வழக்கம் பரவியது. 1930ஆம் ஆண்டளவில் பிளாஷ் குமிழ்கள் விற்பனைக்கு வந்தன. அதே பத்தாண்டில் அமெரிக்கரான ஹரல்ட் எட்ஜர்ட்டன், மீண்டும் மீண்டும் மின்னக்கூடிய மின்னணு விளக்கைப் படத்துறைக்குக் கொண்டுவந்தார். இவை யாவும் இருட்டுக்கென்றே ஏற்பட்டவை என்று நாம் எண்ணியிருந்தோம். வெயிலின் நிழலை நிரப்புவதற்கும் அவ்விளக்கே துணை என்பது எமக்குப் பிந்தித்தான் விளங்கியது.

அதன் கணக்கு கடினமானதன்று. படத்தில் இரண்டு ஒளிகள் கலக்கின்றன: ஒன்று வெயில், மற்றது விளக்கு. வெயில் தொடர்ந்து பெய்துகொண்டிருப்பது. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவும் உள்ளே வரும். விளக்கோ விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே மின்னி மறைவது; ஷட்டர் நேரத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதன் அளவு மாறாது. வில்லையின் துவாரம் மட்டும் இரண்டையும் ஒருசேரக் கட்டுப்படுத்தும். எனவே முதலில் கடலுக்கும் வானத்திற்கும் ஏற்ற அளவை வைத்துக்கொண்டு, முகத்திற்குப் போதாததை விளக்கால் நிரப்பவேண்டும்.

இதிலே ஒரு தடையுண்டு. வில்லை கழற்றி மாற்றக்கூடிய கமராக்கள் பலவற்றில் இரண்டு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியே ஷட்டர் வேலை செய்கிறது. விநாடியின் 200இல் ஒரு பங்கு அளவுக்கும் மேற்பட்ட வேகத்தில், முதல் திரை முழுதும் விலகுமுன்பே இரண்டாவது திரை மூடத் தொடங்கிவிடும். அந்நேரம் மின்னும் ஒளி படத்தின் ஒரு பகுதிக்கே கிட்டும்; எஞ்சிய இடத்தில் விளக்கின் ஒளி இராது. ஆகவே வேகத்தை அந்த எல்லைக்குள் நிறுத்தி, துவாரத்தைச் சுருக்கவே வேண்டியிருக்கிறது. துவாரம் சுருங்கினால் விளக்கின் வலுவும் குன்றும்.

முழு உருவப் படத்தில் இத்தொல்லை இன்னும் பெரிது. தலை முதல் கால்வரை அடங்க நாலைந்து மீற்றர் பின்வாங்க வேண்டும். தூரம் இரு மடங்கானால் விளக்கின் ஒளி நாலில் ஒன்றாகிவிடும். வெயிலுக்கு அந்தக் குறைவு இல்லை. அப்படியாயின் விளக்கை மட்டும் அருகே கொண்டுபோனால் என்ன? இரண்டு மீற்றர் உயரத்தில், ஆளுக்கு ஒன்றரை மீற்றர் முன்னே விளக்கை வைத்தால், முகம் பெறும் ஒளியில் ஐந்தில் இரண்டு பங்கே பாதத்திற்குக் கிட்டும். முகம் வெளுத்துச் சேலைக் கரை இருண்டுவிடும். நாலரை மீற்றருக்கு நகர்த்தினால் பாதத்திற்கு ஆறில் ஐந்து பங்கு கிடைக்கும். ஆகவே விளக்கு தள்ளியும் நிற்கவேண்டும், வலுவாகவும் இருக்கவேண்டும். 2003இல் எம் கமராவிலேயே ஒரு குட்டி விளக்கு இருந்தது. முழு உருவத்திற்கு அது எட்டியிராது என்பது உண்மை. ஆனால் இரண்டடி எடுத்து வைத்து அருகே போய், அரையுருவமாக ஒன்று எடுத்திருந்தால், அந்தக் கண்களுக்குள் ஒரு துளி ஒளியாவது விழுந்திருக்கும்.

அண்மையில், எண்பது வயதை எட்டிய எம் தாயாரை அதே முற்றத்தில் நிறுத்தினோம். இம்முறை மாலை ஐந்து மணியளவில், சூரியன் அவருக்குப் பின்னால் துறைமுகத்தின் மேலே நிற்கும் வேளையைத் தேர்ந்தோம். கண் கூசாது, நரைத்த தலையின் ஓரத்தில் வெயில் ஒரு பொன்கோடு இழைத்திருந்தது. முகம் நிழலில் இருந்தது. ஐ.எஸ்.ஓ. 100, விநாடியின் 200இல் ஒரு பங்கு, துவாரம் எஃப் 8 என்று வைத்தபோது கடலும் வானமும் அளவாக வந்தன. எம்மிடமிருந்த விளக்கின் வழிகாட்டி எண் 36. அதனைத் துவார எண்ணாகிய 8ஆல் வகுத்தால் நாலரை மீற்றர். அத்தூரத்தில் முழு வலுவோடு மின்னினால், விளக்கொளி மட்டுமே படத்திற்குப் போதுமானதாக இருக்கும். கணக்குச் சரிதான் என்று மகிழ்ந்து முதற் படத்தை எடுத்து அவரிடம் காட்டினோம்.

தாயார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது ஆர்? என்னை வெள்ளைக்காரி ஆக்கிப்போட்டாயே! அப்பா கண்டால் அடையாளம் பிடிக்கமாட்டார்" என்றார்.

அவர் சொன்னது உண்மையே. முகம் சுண்ணாம்புபோல் வெளுத்து, சுருக்கங்கள் யாவும் அழிந்து, எங்கிருந்தோ வெட்டிவந்து துறைமுகத்தின்மேல் ஒட்டிய படம்போல் இருந்தது. சூரியன் பின்னால் நிற்க முன்னால் இத்தனை ஒளி வருவது எப்படி என்று காண்பவர் கண் ஐயுறும். மாநிறத்தை மறைத்து வெளுப்பாக்குவதை அழகென்று கொள்ளும் வழக்கம் எம்மிடையே உண்டு. திருமணத்திற்கு அனுப்பும் படங்களில் அதனைக் காண்கிறோம். எம் தாயார் அதனை வேண்டவில்லை. வலுவைப் பாதியாக்கினோம், இன்னும் மிகுதி. நாலில் ஒரு பங்காக்கி, விளக்கின் முன்னே இளம் செம்மஞ்சள் நிற மெல்லிய தாள் ஒன்றையும் கட்டினோம். விளக்கின் ஒளி நண்பகல் வெயில்போல் வெண்மையானது, மாலை வெயிலோடு ஒட்டாது. இப்போது நிழல் நிழலாகவே இருந்தது. அதற்குள் முகமும் இருந்தது. "ஓம், இது நான்தான்" என்றார் தாயார்.

விளக்கு இல்லாதவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. கைத்தொலைபேசியிலுள்ள சிறு விளக்கு வெயிலில் நாலு மீற்றருக்கு எட்டாதுதான். ஆனால் ஒரு வெள்ளை வேட்டியை இருவர் விரித்துப் பிடித்து, வெயிலை முகத்தின்மேல் திருப்பலாம். நண்பகலைத் தவிர்க்கலாம். மரநிழலில் நிறுத்தலாம். துறைமுகம் எங்கும் போய்விடாது. அதனை வேறொரு நாளில் எடுத்துக்கொள்ளலாம்.

தாயாரின் படத்தைச் சட்டமிட்டுத் தந்தையாரின் படத்திற்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். வருபவர்கள் அதனைப் பார்த்து, "என்ன அருமையான மாலை வெயில்!" என்கிறார்கள். விளக்கைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதுவே எமக்கு நிறைவு.

தாயார் மட்டும், மாட்டிய அன்று இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு சொன்னார்: "அன்றைக்கு அப்பாவை மரத்தடியில் நிற்க விட்டிருக்கலாம், தம்பி."